கோவிந்தராஜனுக்கு ஒரு பட்ஜெட் கடிதம்

கும்பகோணம்
9.2.2025

அன்புள்ள கோவிந்தராஜனுக்கு,

உன் கடிதம் வந்தது. பொங்கல் கழிந்து பெய்த மழையில் சாய்ந்த சம்பாவை எப்படியோ அறுத்துக் களத்தில் சேர்த்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று கொள்முதல் நிலையத்தில் சொன்னால் சாலையோரத்தில் கொட்டிக் காயவைப்பதைத் தவிர வேறு வழி ஏது? தங்கையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குப் பொதுத்தேர்வு நெருங்குவதால் வீட்டில் தொலைக்காட்சி மூடிக் கிடக்கிறது. எனக்கு அதில் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

மத்திய பட்ஜெட்டைப் பற்றி உன் ஊர் டீக்கடையில் நடந்த சண்டையைப் படித்துச் சிரித்தேன். ‘ஐம்பது லட்சம் கோடி பட்ஜெட், நாடு எங்கோ போய்விட்டது’ என்று ஒருவர். ‘பதினைந்தரை லட்சம் கோடி துண்டு விழுகிறது, நாடு திவால்’ என்று இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே செய்தித்தாளைப் படித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். கருவூலத்தில் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் தீர்ப்புக் கேட்கிறாய். டெல்லிக் கணக்கு என் மேசைக்கு வந்ததில்லை. ஆனால் அரசாங்க எண்களின் குணம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு பழக்கத்தை நீ உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எண் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், அது அட்டவணையின் எந்தப் பத்தியில், அதாவது எந்த நெடுவரிசையில், இருக்கிறது என்று பார். பட்ஜெட் ஆவணத்தில் ஒவ்வொரு செலவுக்கும் நான்கு பத்திகள் இருக்கும். முந்தைய ஆண்டில் உண்மையாகச் செலவான தொகை, நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்ட பட்ஜெட் மதிப்பீடு, அதையே ஆண்டு முடியுமுன் மாற்றி எழுதிய திருத்த மதிப்பீடு, அடுத்த ஆண்டுக்கான புதிய மதிப்பீடு. நிதியமைச்சர் மேடையில் வாசிப்பதும் மறுநாள் தலைப்புச் செய்தியாவதும் பெரும்பாலும் கடைசிப் பத்தி. அது விருப்பம். நடந்தது என்ன என்பது முதல் மூன்றில் இருக்கிறது.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தைப் பார். 2024-25க்கு 70,163 கோடி ஒதுக்கினார்கள். அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு 22,694 கோடி. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது வரும் ஆண்டான 2025-26க்கு மறுபடியும் 67,000 கோடி என்கிறார்கள். கடைசிப் பத்தியை மட்டும் படித்தவர் கைதட்டுவார்; மூன்றையும் சேர்த்துப் படித்தவர் எழுந்து கேள்வி கேட்பார்.

சொத்து உண்டாக்கும் மூலதனச் செலவு விஷயம் இன்னும் சுவையானது. சென்ற ஆண்டு 11.11 லட்சம் கோடி என்று அறிவித்து, திருத்தத்தில் 10.18 லட்சம் கோடியாக இறக்கினார்கள். வரும் ஆண்டுக்கு 11.21 லட்சம் கோடி. திருத்திய எண்ணோடு ஒப்பிட்டால் பத்து சதவீத உயர்வு. முதலில் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டால் ஒரு சதவீதம்கூட இல்லை. எதைச் சொன்னாலும் பொய் இல்லை. எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதில்தான் அரசியல் இருக்கிறது. அந்த 11.21க்குள்ளேயே ஒன்றரை லட்சம் கோடி, மாநிலங்களுக்கு ஐம்பது ஆண்டு வட்டியில்லாக் கடனாகப் போகிறது என்பதையும் நினைவில் வை.

ஒதுக்கிய பணம் ஏன் செலவாகாமல் போகிறது என்று நீ கேட்கக்கூடும். மார்ச் 31 மாலையில் எந்தக் கருவூலத்திலாவது ஒரு மணி நேரம் நின்று பார்த்திருந்தால் கேட்கமாட்டாய். ஆண்டு முழுவதும் தூங்கிய கோப்புகள் அன்று ஓடி வரும். பணம் கேட்கும் பட்டியல்கள் மேசையில் இடம் போதாமல் தரையில் அடுக்கியிருக்கும். ஒருவர் தலைப்பு எண்ணைச் சரிபார்க்க, ஒருவர் கையெழுத்துக்கு அலைய, பொறியாளர் அலுவலகத்துப் பையன் வாசலில் பைக்கை அணைக்காமலே நிற்பான். நள்ளிரவைத் தாண்டினால் அந்த ஒதுக்கீடு காலாவதி. அடுத்த ஆண்டுக்குத் தானாக நகராது. மறுபடி சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அனுமதி தரவேண்டும். வந்த பணமெல்லாம் தொகுப்பு நிதிக்குள் போகும், சட்டத்தின் அனுமதி இல்லாமல் அதிலிருந்து ஒரு காசும் வெளியே வராது என்பது அரசியலமைப்பின் ஏற்பாடு. எங்களுக்கு எரிச்சலூட்டிய விதிதான். ஆனால் நல்ல விதி.

இனி உன் டீக்கடைக்காரரின் திவாலுக்கு வருகிறேன்.

வரும் ஆண்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. கடன் அல்லாத வரவு 34.96 லட்சம் கோடி. இடையில் விழும் துண்டு 15.69 லட்சம் கோடி. இதுதான் நிதிப் பற்றாக்குறை. வேறு விதமாகச் சொன்னால், அந்த ஆண்டு அரசு வாங்கப்போகும் நிகரக் கடன். தனியாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அதனால்தான் நாட்டின் மொத்த உற்பத்தியோடு வைத்து 4.4 சதவீதம் என்கிறார்கள். கொரோனா ஆண்டான 2020-21இல் இது 9.2 சதவீதம் வரை போய் இறங்கிவந்திருக்கிறது. ஆக, திவால் என்பது வெறும் பேச்சு.

ஆனால் எனக்கு இந்த எண்ணைவிட அடுத்த எண்தான் முக்கியம். அரசின் செலவு இரண்டு வகை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போல் ஆண்டோடு தீர்ந்துபோவது வருவாய்ச் செலவு. பாலம், ரயில் பாதை, துறைமுகம் என்று சொத்தாக நிற்பது மூலதனச் செலவு. வரி முதலிய வருவாய் வரவு, வருவாய்ச் செலவுக்கே போதாமல் போனால் அது வருவாய்ப் பற்றாக்குறை. வரும் ஆண்டில் அது 5.24 லட்சம் கோடி. வாங்கும் கடனில் மூன்றில் ஒரு பங்கு இப்படி அன்றாடச் செலவுக்குப் போகிறது.

பெரிய கோயில் கல்வெட்டுகளை நாம் பள்ளிக்காலத்தில் வாத்தியாரோடு பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்து, நாளுக்கு உழக்கு நெய் அளக்கச் செய்தார்கள். சாவா மூவாப் பேராடு என்று எழுதிவைத்தார்கள். ஆடு செத்தால் குட்டி அந்த இடத்தை நிரப்பும், மந்தை குறையக்கூடாது. நெய்யை எரிக்கலாம், ஆட்டைத் தொடக்கூடாது. சோழர் காலத்து அதிகாரிக்கு வருவாய்க் கணக்குக்கும் மூலதனக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது. பொதுத்துறைப் பங்குகளை விற்பது ஆட்டை விற்பது. ஆட்டை விற்றாலும் நிதிப் பற்றாக்குறை குறைந்ததாகத்தான் கணக்கு காட்டும், ஏனென்றால் அது கடன் இல்லாத வரவு. வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் அசையாது. அதனால்தான் அந்த எண்ணை நான் நம்புகிறேன்.

2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது வருவாய்ப் பற்றாக்குறையை அடியோடு ஒழிப்பது என்றும் ஓர் இலக்கு இருந்தது. 2018இல் சட்டத்தைத் திருத்தி அதை நீக்கிவிட்டார்கள். இதை எதிர்த்து யாரும் பெரிதாகச் சத்தம் போட்டதாக எனக்கு நினைவில்லை. மாநிலங்களுக்குக் கொடுக்கும் மானியத்தில் கட்டப்படும் சொத்துகளும் மத்தியக் கணக்கில் வருவாய்ச் செலவாகவே பதிகின்றன, ஆகவே அந்த அளவுகோல் முழு உண்மையைச் சொல்லாது என்று ஒரு வாதம் உண்டு. அந்தத் தொகையைக் கழித்துப் பார்க்கும் ‘பயனுறு வருவாய்ப் பற்றாக்குறை’ 0.3 சதவீதம்தான். வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இலக்கையே தூக்கி எறிந்தது சரியில்லை என்பதே என் கட்சி.

நிதிப் பற்றாக்குறையிலிருந்து வட்டியைக் கழித்தால் வருவது முதன்மைப் பற்றாக்குறை. வட்டி 12.76 லட்சம் கோடி. கழித்தால் மீதி மூன்று லட்சம் கோடிக்கும் சற்றுக் குறைவு. இந்த ஆண்டு வாங்கும் கடனில் பெரும்பகுதி பழைய கடனின் வட்டிக்கு ஈடு என்பது இதிலிருந்து தெரியும். மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், செலவாகும் ஒரு ரூபாயில் இருபது காசு வட்டிக்கே. இதற்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பும் கிடையாது. வட்டி தொகுப்பு நிதியின் மேல் நேரடியாகச் சாட்டப்பட்ட செலவு. உறுப்பினர்கள் விவாதிக்கலாம், நிறுத்த முடியாது. மற்ற அமைச்சகங்கள் செலவுக்கு அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கைகளில் பலவும் விவாதமே இல்லாமல் கடைசி நாளில் ‘கில்லட்டின்’ முறையில் மொத்தமாக நிறைவேறுகின்றன. நான் எரிச்சலோடு பார்ப்பது இதைத்தான்.

உன் வயலுக்கு வருகிறேன். 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறாய். உற்பத்திச் செலவுக்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள மீதியை உர மானியம் என்ற தலைப்பில் டெல்லி கட்டுகிறது. விலை உனக்கு அசையாது. உலகச் சந்தை அசைந்தால் அசைவதெல்லாம் பட்ஜெட்தான். 2022-23இல் உர மானியத்துக்கு 1.05 லட்சம் கோடி என்று மதிப்பிட்டார்கள். உக்ரைன் போரில் எரிவாயு விலை ஏறி, முடிவில் 2.51 லட்சம் கோடி ஆயிற்று. இப்படி ஆண்டு நடுவில் கூடுதலாகப் பணம் கேட்பதற்குத்தான் துணை மானியக் கோரிக்கை. அடுத்த முறை செய்தியில் அந்தச் சொல் வந்தால் உன் மூட்டையை நினைத்துக்கொள்.

நெல்லிலும் அப்படியே. இந்த 2024-25 பருவத்தில் சன்னரகக் குவிண்டாலுக்கு நீ வாங்கும் 2,450 ரூபாயில் 2,320 மத்திய அரசின் ஆதரவு விலை. டெல்லியின் உணவு மானியத்தில் போய்ச் சேருகிறது. மேலே உள்ள 130 ரூபாய் சென்னையின் ஊக்கத்தொகை, மாநில பட்ஜெட்டின் செலவு. ஒரே சிப்பத்தில் இரண்டு அரசுகளின் கணக்கும் கட்டியிருக்கிறது. இந்த உணவு மானியத்தின் ஒரு பகுதியை முன்பு பட்ஜெட்டில் காட்டாமல், உணவுக் கழகத்தை சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கவைத்துச் சமாளித்தார்கள். 2020-21இல் அதையெல்லாம் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டின் பற்றாக்குறை அத்தனை வீங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. இந்த விஷயத்தில் நிதியமைச்சரைப் பாராட்டத்தான் வேண்டும்.

வரிப் பகிர்வைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் டீக்கடையில் அடுத்து அதுதான் வரும். பகிர வேண்டிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்பது 2021-26க்கான பதினைந்தாவது நிதிக் குழுவின் பரிந்துரை. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். வரும் ஆண்டின் மொத்த வரி வசூல் 42.70 லட்சம் கோடி, மாநிலங்களுக்குப் போவது 14.22 லட்சம் கோடி. மூன்றில் ஒரு பங்குதான் வருகிறதே, 41 எங்கே என்று கேள். செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வரிக்கு மேல் கூடுதலாக வாங்குவதைப் பகிர வேண்டியதில்லை, பெரும்பாலும் அங்கேதான் போயிற்று. இந்த 2025 பிப்ரவரியில் உன் பைக்குக்குப் போடும் பெட்ரோலில் லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசு மத்திய கலால். அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே.

பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற செய்தி உனக்கும் எனக்கும் பெரிதாகப் பொருட்டில்லை. ஆனால் மாப்பிள்ளைக்குச் சொல்லிவிடு: வரியே இல்லாத அடுக்கு நான்கு லட்சம்தான். அதற்கு மேல் வரி போட்டுப் பிறகு தள்ளுபடி தருகிறார்கள். வருமானம் வரம்பை நன்றாகத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும்.

ரயில் பட்ஜெட் தனியாக இருந்தபோது நம் பகுதிக்கு என்ன வந்தது என்று மறுநாளே செய்தித்தாளில் தெரியும். 1924 முதல் தனியாக இருந்ததை 2017இல் பொது பட்ஜெட்டோடு சேர்த்த பிறகு, ரயில்வே பணிகளுக்கான ஒதுக்கீட்டைப் பட்டியலிடும் பிங்க் புக்கைத் தேடி எடுத்தால்தான் உண்டு. ஒரு காலத்தில் நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர் ஆர். வெங்கட்ராமன் நிதியமைச்சர் நாற்காலியில் இருந்து பட்ஜெட் வாசித்தார் என்று உன் டீக்கடைப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கேட்டுப்பார்.

மாநில பட்ஜெட் வந்ததும் திருத்த மதிப்பீட்டுப் பத்தியை முதலில் பார்த்துவிட்டு எனக்கு எழுது. நீர்வளத் துறைத் தலைப்பில், வாய்க்கால் தூர்வாரச் சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவாயிற்று என்று நானும் தேடிப்பார்க்கிறேன். மாசி மகத்துக்கு இங்கே வருவதாகச் சொன்னாய். தங்கையையும் அழைத்து வா. முழங்காலைக் காட்ட இங்கே நல்ல வைத்தியர் இருக்கிறார். கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்றும் எழுது.

அன்புடன்,
ரங்கநாதன்