செயலாளரின் ஆண்டறிக்கை: டன்விச் ஊர் வரலாறும் வாய்மொழிக் கதைகளும்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஆண்டுக் கூட்டம், கோடை நடைப்பயணம், கிறிஸ்துமஸ் தேநீர் விருந்து மூன்றும் வழக்கம்போல் நடந்தன. தேநீர் விருந்துக்கு நாற்காலி போதவில்லை. நடைப்பயணத்துக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

இந்த ஆண்டின் முக்கிய வேலை மணிக்கதை. இங்கிலாந்தின் சஃபோக் கரையில் ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்து, பெரும்பகுதி கடலில் போய்விட்ட ஊர் நம் டன்விச். புயல் வருமுன் கடலுக்கடியிலிருந்து தேவாலய மணி கேட்கும் என்று சொல்லாதவர் இந்த ஊரில் இல்லை. அதைக் கதையாகவே எழுதி, கூடவே நடந்ததையும் சொல்லும் ஒரு கையேடு வேண்டும் என்பது என் திட்டம். 1286, 1328 புயல்களில் மணல் தள்ளித் துறைமுகம் அடைபட்டது. 1347-இல் சுமார் 400 வீடுகள் போயின. ஆனாலும் ஊர் ஒரே இரவில் மூழ்கிவிடவில்லை. துறைமுகம் போனதும் வியாபாரம் போயிற்று, பின்னாலேயே ஆட்களும் போனார்கள். கரைமேடு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில் 1750-களிலேயே வழிபாடு நின்றுவிட்டது. அது 1904-இல் சரியத் தொடங்கி, 1919-இல்தான் கோபுரம் விழுந்தது. இவ்வளவு அவகாசம் இருந்தும் விலைமதிப்புள்ள வெண்கல மணியை யாராவது தொங்கவிட்டுப் போவார்களா? சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஒலியலை கொண்டு கடலடியைத் துழாவியபோது தேவாலயங்களின் கற்குவியல்கள்தான் தெரிந்தன.

இதை அச்சிட்டால் வெளியூர்க்காரர்கள் வரமாட்டார்கள் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். வீடுகளில் பெரும்பாலானவை கடலில் போன பிறகும் 32 வாக்காளர்களை வைத்துக்கொண்டு 1832 வரை இரண்டு எம்.பி.க்களை அனுப்பிய ஊர் இது. அந்தக் கூத்தைப் பார்க்கவே ஆள் வரும். ஆட்சேபித்தவர்களுக்காகவே வரைவு வாசிப்புக் கூட்டம் வைத்தேன்; அவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கிதான் தீரவில்லை. “அடுத்த கூட்டத்தில் தருகிறேன்” என்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வந்தால்தானே! கையேடு அச்சகத்துக்குப் போகாமல் என் மேசையிலேயே கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கெட்டிலைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கையேட்டை வெளியிட்டே ஆகவேண்டும். அப்புறம், செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாராவது முன்வந்தால் மனமுவந்து விலகிக்கொள்வேன். போட்டியிடுபவர் நடப்பு ஆண்டுச் சந்தா ரசீதைக் காட்ட வேண்டும் என்பது மட்டும் பழைய விதி.

செயலாளர்