இரவுச் சத்தம்: உரிமையாளர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கவனிக்க

அனைவருக்கும் வணக்கம். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு.

அளவை வைத்துப் புகார் கொடுப்பதானால், வரம்பை 10 டெசிபலாவது தாண்டியிருக்க வேண்டும். ஆனால் இரவில் திறந்தவெளி ஸ்பீக்கர், கட்டுமான இயந்திரம், ஹாரன், வெடி எல்லாவற்றுக்கும் தடையே இருக்கிறது. அதற்கு மீட்டர் ரீடிங் வேண்டாம். 100-க்குப் போன் செய்து இடம், நேரம், என்ன சத்தம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மொபைல் ஆப் காட்டும் எண்ணை நம்பி யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்; போனுக்குப் போன் அது மாறும்.

மொட்டை மாடியும் திறந்தவெளிதான். பகல் விசேஷத்துக்கே ஸ்பீக்கர் வைக்க எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். நள்ளிரவு 12 வரை தளர்வு என்பது அரசு அறிவிக்கும் விழா நாட்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. பிறந்தநாளுக்குப் பொருந்தாது.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் உரிமையாளர்களே, அதை மூடியிருக்கும் ஒலித்தடுப்புக் கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. சூடாகிறது என்று கூண்டுக் கதவைத் திறந்து வைப்பதால்தான் பாதிப் பிரச்சினை. கதவை மூடி, காற்றுப் போக்கியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.