மருந்து அறைக்கு ஒரு போன்

அன்புள்ள மாரி,

ரெண்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். தேவி அக்காவுக்கு உடம்பு தேவலை என்று கேள்விப்பட்டேன், நிம்மதி. செல்வம் அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லையாமே! அவன் கதை அடுத்த கடிதத்தில்.

மருந்து அறை 8 டிகிரியைத் தாண்டினால் உன் சாஃப்ட்வேர் ஆறு பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்பவேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் அதற்குப் போதுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போதும். கரண்ட் போனால் பிராட்பேண்டும் கூடவே போய்விடும். போனுக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. கம்ப்யூட்டரில் சொருகும் சின்ன சிம் மோடமான டாங்கிளை வாங்கிவிடாதே. பழைய 3ஜி டாங்கிளில் ஜியோ சிம் வேலையே செய்யாது, ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. போதாததற்கு, யுஎஸ்பி போர்ட் கொடுக்கும் கரண்ட் பத்தாமல், செய்தி அனுப்பும் அந்த நொடியில் டாங்கிள் சில சமயம் அணைந்து எழுந்திருக்கும்.

போனில் கேட்வே ஆப் ஒன்றைப் போட்டால் அது வைஃபையில் ஒரு முகவரியைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். உன் சாஃப்ட்வேர் அங்கே நம்பரையும் செய்தியையும் கொடுத்தால் ஆப் அதை சிம் வழியாக அனுப்பும். அந்த முகவரி மாறாமல் இருக்க, ரவுட்டரில் போனுக்கு ஐபி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடு. ரவுட்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கவேண்டும். கம்ப்யூட்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு ரவுட்டரை மறந்தால், போன் உயிரோடு இருக்கும், அதற்குச் சேதி போய்ச் சேராது.

தமிழில்தான் அனுப்பவேண்டும் என்று நீ பிடிவாதமாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள். ஒரு எஸ்எம்எஸ்ஸில் இருப்பது 140 பைட். ஆங்கிலம் 160 எழுத்து பிடிக்கும், தமிழ் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனி. ‘குளிர்’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, நெட்வொர்க்குக்கு ஆறு. 70ஐத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரியும், துண்டுக்கு 67தான். ‘2ம் அறை 9 டிகிரி. மின்சாரம் இல்லை. உடனே பாருங்கள்.’ எண்ணிப் பார்த்தேன், 50. நேரம் போட இன்னும் 20 மீதி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாறினாலும் டிகிரிக்கு அந்தச் சின்ன வட்டத்தைப் போட்டுவிடாதே. எஸ்எம்எஸ்ஸின் 7 பிட் எழுத்துப் பட்டியலில் அது இல்லை. அந்த ஒரு வட்டத்துக்காக முழுச் செய்தியும் 160லிருந்து 70க்கு இறங்கிவிடும்.

இனிமேல்தான் எனக்குக் கவலை. வெப்பம் 7.9க்கும் 8.1க்கும் நடுவே ஊசலாடும். நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு பேருக்கு அனுப்பினால் பிளானில் இருக்கும் தினம் 100 எஸ்எம்எஸ் பதினேழாவது நிமிடமே தீர்ந்துபோகும். சில பழைய ஆண்ட்ராய்டில் அதற்கு முன்பே, ஒரே ஆப் குறுகிய நேரத்தில் 30ஐத் தாண்டியதும் நிறுத்தி வைத்துவிட்டு, அனுப்பட்டுமா என்று திரையில் கேட்கும். நடுராத்திரியில் யார் ஓகே அழுத்துவது? அதனால் 8க்கு மேல் பத்து நிமிடம் நின்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. 7க்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்ததற்கு வழி திறக்கவேண்டும்.

இன்னொன்று, மாரி. எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் அறை நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். போன் செத்துக் கிடந்தாலும் எஸ்எம்எஸ் வராது. ரீசார்ஜ் தேதி முடிந்திருக்கலாம். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆண்ட்ராய்டு ஆப்பைத் தூங்கவைத்திருக்கலாம், பேட்டரி ஆப்டிமைசேஷனில் அந்த ஆப்புக்கு விலக்குக் கொடு. போன் தானாக ரீஸ்டார்ட் ஆகி, பேட்டர்ன் போட ஆளில்லாமல் லாக் திரையிலேயே நின்றிருக்கலாம். திரை லாக்கையும் சிம்மின் பின் நம்பரையும் எடுத்துவிட்டு, போனைப் பூட்டிய பெட்டியில் வை. தினமும் காலை 7 மணிக்கு ‘நலம், 5 டிகிரி’ என்று ஒரு செய்தி உனக்கு வரவேண்டும். வராத நாளில் போட்டது போட்டபடி போய்ப் பார்.

‘அனுப்பப்பட்டது’ என்று ஆப் காட்டுவதையும் நம்பாதே. சிம் கம்பெனியின் எஸ்எம்எஸ் மையம் வாங்கிக்கொண்டது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். டெலிவரி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு. அதுவும் செய்தி கைபேசிக்குப் போனதைத்தான் சொல்லும், ஆள் படித்ததை அல்ல. படித்தவர் 1 என்று பதில் போடட்டும். பத்து நிமிடத்தில் ஒருவரும் போடாவிட்டால் அடுத்த வரிசை ஆட்களுக்கு அனுப்பு. பதில் வரும் நம்பர் +91 சேர்ந்து வரும், உன் பட்டியலில் வெறும் பத்து இலக்கம்தான் இருக்கும். கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிடு, இல்லாவிட்டால் வந்த பதிலை உன் சாஃப்ட்வேர் கண்டுகொள்ளாது. பட்டியலில் இல்லாத நம்பருக்குப் பதிலே போகக்கூடாது. விளம்பரச் செய்திக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டிருந்தால் எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் 100ம் அதிலேயே கரைந்துவிடும்.

உன் முதலாளி அதே சிம்மில் வாடிக்கையாளருக்கு ஆஃபர் அனுப்பலாமே என்பார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018ல் போட்ட விதிப்படி வியாபாரச் செய்திக்கு டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு, அனுப்புபவர் பெயரான ஹெடர், செய்தியின் மாதிரியான டெம்ப்ளேட் எல்லாம் வேண்டும். புகார் போனால் சிம்மையே துண்டிப்பார்கள். அன்றைக்கு ராத்திரி மருந்து அறை ஊமையாகிவிடும்.

அந்தப் பழைய போனை முதலில் மேஜையில் குப்புற வைத்துப் பார். முதுகு கொஞ்சம் உப்பியிருந்தாலும் வேண்டாம், பேட்டரி போய்விட்டது. நல்லதாக இருந்தாலும் நாள் முழுக்கச் சார்ஜரில் விடாதே, டைமர் பிளக் வாங்கிக் காலையில் ரெண்டு மணி நேரம், ராத்திரி ரெண்டு மணி நேரம் சார்ஜ் ஏறும்படி வை. என்ன மாடல், எந்த ஆண்ட்ராய்டு என்று எழுது. ஆப்பில் எதை எதை மாற்றவேண்டும் என்று அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
குமரன்