பாப்பாவுக்கு, லேப்டாப் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

உனக்கு அனுப்புகிற கடலைமிட்டாய் டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். லேப்டாப் விஷயம்தான்.

ஆயுத பூஜைக்கு வந்தபோது நீதான் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தாய். 2025 அக்டோபர் 14-ஓடு பழைய 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும், நீங்கள் பேங்க் வேலையெல்லாம் இதில்தானே பார்க்கிறீர்கள் என்றாய். எட்டாம் தலைமுறை பிராசசர், அதனால் 11 ஏறிவிடும் என்றாய். ஏறியது. பூஜையில் வைத்த குங்குமம் மூடியில் அப்படியே இருக்கிறது, அம்மா துடைக்கவிடவில்லை. ஆனால் நீ பெங்களூருக்குப் போன நாளிலிருந்து அது நகர மாட்டேன் என்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து பென்ஷனர் சங்கத்தின் எக்செல் கணக்கு திறக்க 9 நிமிடம். முன்பு 3 நிமிடம்தான்.

முதல் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும், எல்லா ஃபைலையும் புதிதாக அட்டவணை போடும், பாக்கி அப்டேட்டெல்லாம் இறங்கும், விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தாய். இரண்டு ராத்திரி சார்ஜில் போட்டு ஆன் செய்தே விட்டேன். சரியாகவில்லை. நீ சொல்லிக்கொடுத்த மாதிரி கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற பக்கத்தைப் பார்த்தேன். சிபியு, அதாவது பிராசசர், 15 சதவீதம், அது சும்மாதான் இருக்கிறது. மெமரி, அதாவது ரேம், 90. டிஸ்க் 100, இறங்கவே இல்லை. 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் வேண்டுமாம். நம்மிடம் இருப்பதும் சரியாக அந்த 4-தான். அதில் இடம் போதாததையெல்லாம் ஹார்டு டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிற பழைய ரகம். கீபோர்டின் இடது ஓரத்தில் உள்ளங்கையை வைத்தால் கிர்கிர்ரென்று அதிர்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆன் செய்ததும் தானாகத் திறக்கிறவை ஏழு இருந்தன. ஆறை நிறுத்திவிட்டேன். ஏழாவது உன் ஆபீஸ் சாட். தினமும் மேலே வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. நீ இங்கே இருந்தபோது கேட்கவில்லை. விண்டோஸ் மாற்றியதால் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் நான் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அம்மாவிடம் பேசினாய், பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்து வேலை என்றாய். சரி. தீபாவளிக்கு லீவு இல்லை என்றாய். சரி. உனக்கு எடுத்த சுடிதார் பீரோவில் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி முழித்திருக்காதே.

பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாம் என்று செட்டிங்ஸில் போய்த் தேடினேன். அதற்கு 10 நாள்தான் கெடுவாம். நான் போய்ப் பார்த்தது 13-ஆம் நாள். பழையதை வைத்திருந்த ஃபோல்டரையும் அதுவே அழித்துவிட்டது. முதல் வாரமே உன்னைக் கேட்டிருக்கலாம், தயங்கிவிட்டேன். நீ வந்திருந்த மூன்று நாளும் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருந்தாய். அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சங்கத்தில் யாருக்குக் கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்தாலும் "என் மகளைக் கேட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. ஆனால் நான் அனுப்பிய மெசேஜுக்கு நீ பதில் போடாமல் 11 நாள் ஆகிறது. இரண்டு டிக்கும் நீலமாக இருக்கிறது.

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற சுற்றாத, வேகமான டிஸ்கைப் போட்டு, ரேமை 8 ஆக்கினால் நன்றாக ஓடும், பிராசசரில் குறை இல்லை, ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடும் என்றார். அப்புறம், "வாங்கும்போதே இதெல்லாம் இருக்கிற மாடலா வாங்கியிருக்கலாமே சார்" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2018-ல் திருநெல்வேலிக் கடையில் நீ கேட்டது அந்த மாடல்தான். நோட்டுத் தாளில் இரண்டு மாடலையும் எழுதி, நல்லதற்குக் கீழே கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தாய். 14,000 ரூபாய் கூட. கையில் இல்லை என்று சொன்னேன். அந்த மாதமே அண்ணனுக்குப் பைக் எடுத்தேன். தவணையில் எடுத்தது என்று உன்னிடம் சொன்னேன். தவணை இல்லை பாப்பா. சீட்டுப் பணம் என் கையில் இருந்தது, முழுசும் ரொக்கமாகக் கட்டினேன். பெண் பிள்ளைக்கு இது போதும் என்று நினைத்தேன். நீ அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். பஸ்ஸில் கோவில்பட்டி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் நாலு வருஷம், சூடாகிறது என்று டேபிள் ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க ராத்திரி 2 மணி வரை அதில்தான் உட்கார்ந்தாய். அதில் படித்துத்தான் வேலையும் வாங்கினாய். நான் செய்தது தப்பு. இதை உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கல்யாணப் பேச்சை இங்கே யாரும் எடுக்க மாட்டோம். எது எப்படி இருந்தாலும் எடுக்க மாட்டோம், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பணமும் அனுப்பாதே. இந்த மாதம் நீ அனுப்பியது, போன மாதத்தது, இரண்டும் தொடாமல் கணக்கில் கிடக்கிறது. கடைக்கு ஐயாயிரம் நான் கொடுத்துக்கொள்கிறேன். உனக்குத் தேவை என்றால் அந்தப் பணத்தை அன்றைக்கே திருப்பிப் போட்டுவிடுவேன்.

டிஸ்கை மாற்றும் முன்னால் உன் காலேஜ் ஃபோல்டர், போட்டோவெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். எதெது வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். உன்னிடம் பேசாமல் கடையில் கொடுக்க மாட்டேன். கூப்பிடு. ஆபீஸ் நேரம் என்றாலும் பரவாயில்லை, போனை என் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
அப்பா