வரி நிலக்கரிக்கா, புகைக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காற்று மாசுக்கு எந்த நாடு எவ்வளவு வரி வசூலிக்கிறது என்று ஒப்பிட்டு எழுதியிருந்தீர்கள். தொகையைப் பார்த்தால் நாமும் சளைத்தவர்கள் இல்லை. 2010-இல் டன் நிலக்கரிக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய செஸ் (ஒரு நோக்கத்துக்கென்று வசூலிக்கும் தனி வரி), 2016-இல் 400 ரூபாயைத் தொட்டது. ஆனால் அது நிலக்கரியின் எடைக்குப் போட்ட வரி, புகைக்குப் போட்டதல்ல. புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவி வைத்த அனல்மின் நிலையமும் வைக்காத நிலையமும் டன்னுக்கு ஒரே தொகைதான் கட்டின. பிறகு யார் கைக்காசைப் போட்டுக் கருவி வைப்பார்கள்?

சுவீடனில் 1992-லிருந்து பெரிய கொதிகலன்களின் புகைபோக்கியிலேயே மாசை அளந்து கட்டணம் போடுகிறார்கள். ஒரு கிலோ நைட்ரஜன் ஆக்சைடுக்கு 40 குரோனர் என்று ஆரம்பித்து, 2008-இல் 50 ஆக்கினார்கள். அப்புறம் நிர்வாகச் செலவு போக மீதிப் பணத்தை அதே ஆலைகளுக்கே, அவரவர் உற்பத்தி செய்த ஆற்றலைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சுத்தமாக எரிப்பவருக்குக் கட்டியதைவிடக் கூடுதலாகவே வரும். ஏனோதானோ என்று இருப்பவருக்கு நஷ்டம். கஜானாவுக்கு இதில் ஏறக்குறைய ஒன்றுமே சேராது. ஆனால் அந்த ஆலைகளில் ஒரு யூனிட் ஆற்றலுக்கு வெளியாகும் நைட்ரஜன் ஆக்சைடு சுமார் பாதியாகக் குறைந்தது. வசூலை மட்டும் வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால் இது கண்ணில் படாது.

சீனாவும் 2018-இலிருந்து வெளியேறும் மாசின் அளவுக்கே வரி போடுகிறது. நிர்ணயித்த அளவைவிட 30 சதவீதம் குறைவாக வெளியிட்டால் கால்பங்கு தள்ளுபடி, 50 சதவீதம் குறைத்தால் பாதி தள்ளுபடி. வசூல் உள்ளாட்சிகளுக்குப் போகிறது.

நம் பணம் எங்கே போனது? 2010-11 முதல் 2017-18 வரையிலான நிதியாண்டுகளில் செஸ்ஸாக வசூலானது 86,000 கோடி ரூபாய்க்கு மேல். அதை வைத்து நடத்தவேண்டிய தூய எரிசக்தி நிதிக்கு மாற்றப்பட்டது 30,000 கோடிகூட இல்லை. 2017 ஜூலையில் இந்த செஸ், ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வரும் வருவாய் இழப்பை ஈடுகட்டும் இழப்பீட்டுக் கணக்கோடு சேர்ந்துவிட்டது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். இந்த வரியில் மாசுக்கென்று தனியாக ஒரு பைசா ஒதுக்கீடு இல்லை. அதே ஆண்டு ஜூலையில்தான் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தகக் கருவியிலிருந்தும் விலக்கு கிடைத்தது.

நான் இருப்பது வட சென்னை. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்கும்போது முதலில் உதறுவேன். மடிப்பிலிருந்து சாம்பல் கொட்டும். என் பேத்தியின் பள்ளிப்பையில் புத்தகங்களோடு இன்ஹேலரும் இருக்கிறது. இந்த வரியைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி, மின்கட்டணத்தின் வழியாக.

அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் தொடர் கண்காணிப்புக் கருவிகள் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு அந்த அளவுகள் போகின்றன. சரி, அந்த அளவை வைத்தே ஒரு கிலோ கந்தக டை ஆக்சைடுக்கு இத்தனை ரூபாய் என்று பில் போடலாமே? அதில் ஒரு பங்கையாவது புகை விழும் ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொடுக்கட்டும். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் இதை உங்கள் நாளிதழ் தலையங்கமாக எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட சென்னை