கேம்ஷாஃப்டை இப்போது வாங்காதே

கே.கே.நகர்,
மதுரை.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் பழைய மாருதி எஸ்டீம் காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டாய் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே எழுத உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு அரவிந்தில் கண்புரை ஆபரேஷன். நேரத்துக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டுமே, அதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது டிவியில் கீழே ஓடுகிற எழுத்தையெல்லாம் படித்துச் சொல்கிறார். உன்னைத்தான் முதலில் விசாரித்தார். பெரியவள் பன்னிரண்டாவது. டியூஷன் போக மீதி நேரமெல்லாம் என்னோடு காருக்கு அடியில்தான் கிடக்கிறாள், அதில் எனக்குத் தனி சந்தோஷம்.

எஸ்டீமைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறீர்களே என்று உன் பையன் கேட்டதாக எழுதியிருந்தாய். அவனிடம் இதைச் சொல். 1298 சிசி, பதினாறு வால்வு, 85 குதிரைத்திறன், வண்டியின் எடை 900 கிலோவுக்குள். ஸ்ரீபெரும்புதூர் ரேஸ் டிராக் 1990-ல் திறந்த பிறகு அங்கேயும், ராலிகளிலும் நம் ஆட்கள் ஓட்டி ஜெயித்த வண்டிகளில் இதற்கு நல்ல இடம் உண்டு. இரண்டு கதவு வைத்துத் தாழ்வாகப் படுத்திருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் நினைக்கவில்லை. வளைவில் ஸ்டீயரிங் என்ன பேசுகிறது என்று கைக்குத் தெரிந்தால் போதும். இதில் தெரியும். இன்றைய கார்களில் பலவற்றில் தெரிவதில்லை.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. இதே எஞ்சின்தான் ஜிப்ஸியிலும், 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்டிலும். அதனால் எஞ்சின் சாமானுக்கு இன்றைக்கும் அலைய வேண்டியதில்லை. அலைச்சல் எல்லாம் கதவு ரப்பர், பம்பர், லைட் இவற்றுக்குத்தான். அதற்குச் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் என்று பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்க வேண்டும்.

இப்போது கேம்ஷாஃப்ட் விஷயம். ரேஸுக்கான கேம்ஷாஃப்டும் (வால்வைத் திறந்து மூடுகிற தண்டு) ஈசியு மேப்பிங்கும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) சேர்த்துச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே. எப்போதுமே வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த வருஷம் வேண்டாம் என்கிறேன். இருபது வயதான கார் டிராக்கில் தோற்பது பவர் இல்லாமல் அல்ல, சூடு தாங்காமல்தான். முதல் இரண்டு சுற்றில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். பத்தாவது நிமிஷத்தில் பிரேக் எப்படி இருக்கிறது, டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். அந்தப் பத்தாவது நிமிஷத்துக்காகத்தான் நான் இந்த வருஷம் பூராவும் என் எஸ்டீமுக்குச் செலவு பண்ணினேன்.

பிரேக்கிலிருந்து சொல்கிறேன். நாம் போகப்போகிற, கோவைப் பக்கத்துச் செட்டிபாளையம் கரி டிராக்கின் நீளம் 2.1 கிலோமீட்டர்தான். நேர்ப்பாதை சின்னது, வளைவு அதிகம். எஞ்சினை விடப் பிரேக்குக்குத்தான் அங்கே வேலை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து 950 கிலோ என்று வைத்துக்கொள். 120-லிருந்து 60-க்கு ஒரு முறை வேகத்தைக் குறைத்தால் கிட்டத்தட்ட 400 கிலோஜூல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைச் சும்மா இருக்கிற சூட்டிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டிலும்தான் இறங்கும். சில விநாடியில் அடுத்த வளைவு வந்துவிடும், திரும்ப அதே கதை.

என் வண்டியில், டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கும் முன் காலிப்பரைக் கழற்றியபோது உள் பக்கப் பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப் பக்கம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் காய்ந்து இறுகிப்போனால் இப்படித்தான் ஆகும். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் அமுக்கிக்கொண்டே இருக்கும். பின்னைப் பிடுங்கி எடுக்கவே என் மெக்கானிக் பாய்க்கு அரை நாள் ஆனது. பிஸ்டனில் ரப்பர் சீல் உட்காரும் இடத்துக்கு மேலே வளையமாகத் துரு. தேய்த்துப் பூசி மாட்டிவிடலாம் என்று கடையில் சொன்னார்கள். பாய் ஒப்பவில்லை. "இது நிக்கிற சமாச்சாரம் தம்பி, புதுசு போடுங்க" என்றார். புது பிஸ்டன், புது சீல், பின்னுக்குச் சூடு தாங்கும் சிலிக்கோன் கிரீஸ். பின் டிரம்மில் வீல் சிலிண்டர் இரண்டும் மாற்றியாயிற்று.

பிரேக் ஆயிலை வெளியே விட்டபோது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. பெரியவள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை நம்பியா ரோட்டில் ஓட்டினீர்கள் என்று கேட்டாள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியபின் 155 தாங்கினால் போதும் என்பதுதான் தர அளவு. இந்த 75 டிகிரியில்தான் உன் உயிர் இருக்கிறது. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைக்குப் போகும். ஆகவே எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி, டிராக்குக்குக் கிளம்பும் முன் சீல் உடைக்காத டின்னாக வாங்கி முழுசாக மாற்று. பாதி தீர்ந்து மூடிவைத்த டின்னைத் தொடாதே. இதோடு ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னல் ஹோஸ், டிராக்குக்கென்று விற்கும் பேட், பம்பரின் கீழ்த் திறப்பிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றைக் கொண்டுபோக இரண்டு டக்ட் பைப். எல்லாம் சேர்த்தும் அந்தக் கேம்ஷாஃப்ட் அட்வான்ஸுக்குக் கீழேதான் வரும்.

அடுத்தது கூலிங். இதில் எனக்கு நிஜமாகவே கோபம். எனக்கு முன்னால் இந்த வண்டியைப் பார்த்த ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதே பேச்சுதான். கூடவே கூலண்ட் இல்லாமல் போர் தண்ணி. மதுரைப் போர் தண்ணி வாளியிலேயே வெள்ளையாகப் படியும், அலுமினிய எஞ்சினுக்குள் என்ன செய்யும்? ரேடியேட்டர் டியூபில் பாதி அடைத்துக் கிடந்தது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சீக்கிரம் சூடேறாது, பெட்ரோலை அதிகம் குடிக்கும், சிலிண்டரும் தேயும். ஜில்லென்று ஓடுகிறது என்று மெக்கானிக் சந்தோஷப்படுவார், நஷ்டம் வண்டிக்கு.

புது ரேடியேட்டர் போட்டேன். புது தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் அடுப்பில் தண்ணி வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு நானும் பெரியவளும் பார்த்தோம். 82-ஐத் தாண்டியதும் நடுத் தகடு மெதுவாக இறங்கித் திறந்தது. அவள் பௌதிகப் புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டாள். கூலண்டோடு கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ரேடியேட்டர் மூடியைச் சாதாரணமாக நினைக்காதே. 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற மூடி இருந்தால் தண்ணியே 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பதினெட்டு டிகிரியும் கையை விட்டுப் போய்விடும். இத்தனைக்கும் அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

எஞ்சினில் நான் கை வைத்தது கொஞ்சம்தான். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தோம், நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று அரை கிலோ வித்தியாசத்துக்குள் நின்றது. டைமிங் பெல்ட் மாற்றினோம். ஆனால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பைக் கட்டாயம் இறக்கு. நீளமான வளைவில் ஆயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். புதூர் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் சொல்லி, ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடு வெல்டிங் வைத்தேன். அளவெடுக்க என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம். அட்டையில் வெட்டி, வைத்துப் பார்த்து, திரும்ப வெட்டி, ராத்திரி ஒன்பது மணி வரை விடவில்லை. கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினாரே, நம்ம ஊரில் கிடைக்கிறதை வைத்தே பையன்கள் ரேஸ் ஓட்டட்டும் என்று. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில்தான் செட்டிபாளையம் டிராக் நிற்கிறது. அந்த லேத்தில் நின்றபோது எனக்கு அவர் ஞாபகம்தான்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் புதிது. பழைய லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளியபோது ரப்பர் தூளாகக் கொட்டியது. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்ததற்கு அதுவே காரணம். பாலியூரித்தேன் புஷ் போடச் சொன்னார்கள். டிராக்குக்கு நல்லதுதான், ஆனால் இதே வண்டியில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகிறேன். அதனால் கம்பெனி ரப்பரே போட்டேன்.

உன் டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டை) நிறைய இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பட்டனைப் பார்க்காதே, தேதியைப் பார். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ல் 23-வது வாரம் செய்தது. ஷெட்டில் நின்றே கல்லாகிப்போன ரப்பர் வளைவில் பிடிக்காது. டிராக்கில் காற்றைச் சூடாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நாலைந்து சுற்றில் அழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ ஏறிவிடும், ஏறியதை அங்கேயே இறக்கிச் சரிபண்ணு. வீல் நட்டை ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் டார்க் ரென்ச்சால் பார்.

ஆர்.சி. புதுப்பித்துவிட்டாயா? 2022 ஏப்ரலில் பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கினார்கள், இப்போது என்ன என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.சி.யில் இருக்கிற வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பின் சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் டிராக்கில் போய்க் கழற்றி வைத்துக்கொள்ளலாம், வீட்டிலேயே வெட்டி எறிந்துவிடாதே.

தை பிறந்ததும் போகலாம் என்றிருக்கிறேன். நான் திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக வந்து கிணத்துக்கடவில் திரும்பிவிடுவேன். நீ ஓசூரிலிருந்து சேலம் வழியாக வா. முதல் நாள் சாயங்காலமே சேர்ந்துவிடு, ராத்திரி பேசிக்கொண்டிருக்கலாம். பையனையும் கூட்டி வா. என் வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்ட அங்கே அனுமதிக்கிறார்களா என்று கேட்டு வைக்கிறேன், ஹெல்மெட் என்னிடம் இன்னொன்று இருக்கிறது. ஒன்று மட்டும் இப்போதே அவனிடம் சொல்லிவை. கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் ஆற விட்டு உள்ளே வர வேண்டும், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

டயர் இலக்கம், பிரேக் ஆயில் நிறம், நாலு சிலிண்டர் கம்ப்ரஷன், இந்த மூன்றையும் பார்த்து இந்த வாரமே எழுது. காலிப்பர் சாமான் உனக்கும் சேர்த்து இங்கேயே வாங்கிவிடலாம், பாய் ஒரு செட் எடுத்து வைத்திருக்கிறார்.

உன் பங்காளி