வெள்ளையாக விட்ட வட்டம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. முதல் பக்கத்தில் முழங்கால் வலி, இரண்டாம் பக்கத்தில் வீடு மாற்றிய கதை. கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரமாக வளைத்து எழுதிய நான்கு வரிகளில்தான் விஷயமே இருந்தது. பேரனுக்கு ஆட்டிசம் என்றார்கள், இப்போது ஏடிஎச்டியும் (கவனம் நிலைக்காமல் அளவுமீறித் துறுதுறுப்பது) இருக்கிறது என்கிறார்கள், "ஒரே பிள்ளைக்கு இரண்டு நோயா, யார் சொல்வதை நம்புவது?" என்று கேட்டிருந்தாய். அதற்கும் கீழே இன்னும் பொடியாக, "உங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டார்" என்று எழுதியிருந்தாய். உன் அத்தையை மனத்தில் வைத்துத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். மாடி அறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த அத்தை. நாம் விளையாடக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, ஒன்றும் பேசாமல், நம் பின்னலை மட்டும் தொட்டுப் பார்ப்பாரே, அவர்.

என்னைக் கேட்டதும் சரிதான். முப்பத்தொரு வருடமாக அண்ணனோடு மனநல மருத்துவர்களின் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவள் நான். நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கையில் கிடைத்ததைப் படிக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. மருத்துவர்கள் பெரிதும் பின்பற்றும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில், 2013 வரை ஒரு விதி இருந்தது. ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் அதே குழந்தைக்கு ஏடிஎச்டி என்று எழுதக் கூடாது. ஐந்தாம் பதிப்பில்தான் அந்த விதியை எடுத்தார்கள். உன் பேரனை அதற்கு முன் மருத்துவரிடம் காட்டியிருந்தால் ஒரு பெயர்தான் கிடைத்திருக்கும். ஓரிடத்தில் உட்காராமல் ஓடுவது அப்போதும் அப்படியேதான் இருந்திருக்கும். இரண்டு மருத்துவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நீ நினைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். அண்ணனிடமிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அவருடைய பழைய ஃபைல்களை எல்லாம் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். முதல் ஃபைலில் மனச்சோர்வு. இரண்டு வருடம் கழித்து இருதுருவக் கோளாறு, அதாவது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய். பிறகு ஒரு மருத்துவர் அதை அடித்துவிட்டு மனச்சிதைவு என்று எழுதினார்; இல்லாத குரல்கள் கேட்குமே, ஸ்கிசோஃப்ரினியா என்பார்களே, அது. கடைசியாகப் பார்த்தவர் இரண்டும் கலந்த ஒரு பெயரைக் கொடுத்தார். ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அம்மா, "இதாவது சரியான பெயரா?" என்று என்னிடம்தான் கேட்பாள். பெயர் மாறியதே தவிர மாத்திரை பெரிதாக மாறவில்லை. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் அதே மருந்தை இருதுருவக் கோளாற்றுக்கும் கொடுக்கிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரையையே பதற்ற நோய்க்கும், ஒரே எண்ணமும் செய்கையும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் ஓசிடிக்கும் கொடுக்கிறார்கள். இந்த எல்லைகள் பல மருந்துகளுக்குத் தெரிவதில்லை.

நூலகத்தில் நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். சில புத்தகங்களை உளவியலில் வைப்பதா, மருத்துவத்தில் வைப்பதா என்று அரை நாள் யோசிப்பேன். புத்தகத்துக்கு முதுகு ஒன்றுதான்; அதில் ஒட்டவும் ஒரே எண்தான். எண்ணை ஒட்டி அலமாரியில் செருகிய பிறகு, அது அந்த இனத்தைச் சேர்ந்த புத்தகமாகவே ஆகிவிடும். மனநோய்களுக்கு இப்படி அலமாரி கட்டியவர்களில் முக்கியமானவர் எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மானிய மருத்துவர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி வைத்து, அட்டைகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பிரித்தாராம். படித்தபோது, நம் கேட்லாக் டிராயர் ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன். 1899இல் வந்த தன் பாடநூல் பதிப்பில், பின்னாளில் மனச்சிதைவு என்று பெயர் பெற்றதை ஒரு பக்கமும், மகிழ்ச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயை இன்னொரு பக்கமும் வைத்து நடுவில் கோடு போட்டார். 1920இல், தன் அறுபதுகளில், அந்தக் கோட்டின்மேல் அவருக்கே சந்தேகம் வந்து அதை எழுதியும் வைத்தார். அதற்குள் அலமாரி இறுகிவிட்டது. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது இந்த ஒரு காரணத்தால்தான்.

அந்தக் கோட்டின் மேல்தான் மரபணு ஆய்வுகள் இப்போது நடந்து போகின்றன. 2009இல் ஸ்வீடனில் இருபது லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால், அவருடைய உடன்பிறந்தோருக்கு இருதுருவக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. தத்துப்போய் வேறு வீட்டில் வளர்ந்தவர்களிடமும் இது தெரிந்தது. ஆகவே வளர்ப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிறகு டிஎன்ஏவையே நேராக ஒப்பிட்டார்கள். 2013இல் வந்த கணக்கின்படி இந்த இரண்டு நோய்களுக்கும் இடையிலான மரபணுத் தொடர்பு 0.68. துளியும் தொடர்பில்லை என்றால் 0, முற்றிலும் ஒன்றே என்றால் 1 என்று வைத்துக்கொள். மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் இடையே 0.43. அந்த எண்ணில் என் விரல் கொஞ்ச நேரம் நின்றது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதே வருடம் ஆட்டிசம், ஏடிஎச்டி, இருதுருவக் கோளாறு, மனச்சோர்வு, மனச்சிதைவு ஐந்தையும் சேர்த்து, சுமார் 33,000 நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்த ஆய்வும் வந்தது. ஐந்துக்கும் பொதுவான இடங்கள் சில அகப்பட்டன. அவற்றில் இரண்டு, நரம்பணுவுக்குள் கால்சியம் போய்வரும் வாயில்களை அமைக்கும் மரபணுக்கள். உன் பேரனையும் உன் அத்தையையும் ஒரே தாளில் எழுத இடமுண்டு என்று அறிவியல் சொன்னது ஏறக்குறைய அப்போதுதான். 2018இல் மூளை சம்பந்தமான 25 நோய்களை ஒப்பிட்டார்கள். அல்சைமர், பார்க்கின்சன், வலிப்பு போன்ற நரம்பு நோய்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே நின்றன. மனநோய்கள்தான் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. 2025 டிசம்பரில் வந்த ஆய்வில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், 14 நோய்கள். அவை மரபணு அளவில் ஐந்து கொத்துகளாக விழுந்தன. மனச்சிதைவும் இருதுருவக் கோளாறும் ஒரு கொத்து. மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் மூன்றும் இன்னொன்று. உன் பேரனின் இரண்டு பெயர்களும் சேர்ந்து வேறொரு கொத்து. ஓசிடியும், சாப்பிட மறுக்கும் அனோரெக்சியாவும் ஒரு கொத்தில் இருப்பதைப் பார்த்தபோது, நாளுக்கு நாற்பது முறை கை கழுவி அரை வயிறு மட்டும் உண்ட என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். அது என் கற்பனை. ஆய்வு என் பாட்டியைப் பற்றிப் பேசவில்லை.

இதையெல்லாம் அப்படியே விழுங்கவும் கூடாது. இந்தத் தொடர்பில் ஒரு பகுதி போலியாகவும் இருக்கலாம். மனநோய் உள்ளவர்கள் ஒருவரையொருவர் துணையாகத் தேர்ந்துகொள்வது சற்று அதிகம். அப்படிப் பல தலைமுறை நடந்தால், உண்மையில் தொடர்பில்லாத இரண்டு மரபுகள்கூட ஒன்றாகப் பயணம் செய்து, ஒன்றுபோலத் தோன்றும் என்று 2022இல் சிலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். என் அண்ணனைப் போல் பெயர் மாறிக்கொண்டே இருப்பவர்களும் கணக்கைக் கலக்குவார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது இன்னொரு பெரிய ஓட்டை.

இப்போது உன் சம்பந்தியம்மாளுக்கு வருகிறேன். "உங்கள் பக்கம்" என்று விரலை நீட்ட, ஒரு பக்கம் என்று ஒன்று இருக்க வேண்டும். இந்த நோய்களின் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒற்றை மரபணு இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மாறுபாடுகள், ஒவ்வொன்றுக்கும் பலம் மிகச் சொற்பம். அவற்றில் கொஞ்சம் உன்னிடம் இருக்கிறது, கொஞ்சம் அவரிடமும் இருக்கிறது, தெருவில் போகிற யாரிடமும் இருக்கிறது. பிள்ளைக்குப் பாதி அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்பதை அவருக்கு நீ நினைவூட்டலாம். ஆனால் சண்டைக்காக வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தாலும், பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்குத்தான் அது வருகிறது. மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அதே நோயுள்ள தாயோ தகப்பனோ உடன்பிறந்தோரோ கிடையாது. மரபணு ஒன்றேயான இரட்டையர்களில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவுதான். மீதியைக் கர்ப்பகாலமும் வாழ்க்கையும் தற்செயலும் பார்த்துக்கொள்கின்றன. உன் அத்தைக்கும் பேரனுக்கும் நடுவில் இத்தனை இருக்கிறது. மரபணுச் சோதனை செய்து "பாதை தெரிந்துகொள்ளலாம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதே. ஒரு தனிக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று அந்தக் கூட்டல் கணக்கால் சொல்ல முடியாது. அரிதாகச் சில குழந்தைகளுக்குக் குரோமோசோமில் ஒரு துண்டே விடுபட்டிருக்கும்; அதைப் பார்க்க வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

இனி அந்த 0.43.

போன கோடையில் அண்ணனுக்குப் புதிதாக ஓர் இளம் மருத்துவர் வந்தார். அவர் செய்த முதல் வேலை, வெள்ளைத் தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்தது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் குறுக்குக் கோடு. நோய் இருந்தால் பென்சிலால் நிழல் தீட்டுவார். மனச்சிதைவுக்கு முழுதும் கறுப்பு, மற்றதற்கெல்லாம் பாதி, கால் என்று விதவிதமாக. அண்ணனின் சதுரம் கறுத்தது. ஆறு மாதம் ராஜாவாகவும் ஆறு மாதம் படுக்கையாகவும் வாழ்ந்த சித்தப்பாவுக்குப் பாதி. பாட்டிக்குக் கால். அண்ணனுக்குப் பக்கத்திலிருந்த வட்டத்தின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஏதாவது?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

நீ அறிவாய். என் நாற்பத்திரண்டாம் வயதில் நான்கு மாதம் குளிக்கவும் முடியாமல் கிடந்ததை, நீ வந்து என் தலையை வாரிவிட்டுப் போனதை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் மாத்திரை சாப்பிட்டேன். அது "சோர்வு", "வேலைப் பளு". அண்ணனுக்கு வந்ததுதான் நோய். கல்யாண வீடுகளில் அவரைப் பற்றிக் கேட்டால் வெளியூரில் இருக்கிறார் என்பேன்; என்னைப் பற்றிக் கேட்டால் உடம்பு சரியில்லாமல் இருந்தது என்பேன். அவரை எத்தனை அன்போடு பார்த்துக்கொண்டாலும் ஒரு படி மேலே நின்றுதான் பார்த்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நான் போட்டு வைத்திருந்த சுவர் மெல்லியது என்று அந்த எண் சொன்னது. சுவரே இல்லை என்று சொல்லவில்லை. அவருக்குக் கேட்ட குரல்கள் எனக்குக் கேட்டதில்லை. அவர் இழந்த வேலையையும் வருடங்களையும் நான் இழக்கவில்லை. ஒரே வேர் என்று சொல்லி அவர் துன்பத்தில் பங்கு கேட்பதும் ஒருவகைத் திருட்டுதான்.

சென்ற மாதம் ஊசிக்காக அழைத்துப் போனபோது, தாளை எடுக்கச் சொன்னேன். இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று, அது என்னுடையது என்று சொன்னேன். மருத்துவர் வருடங்களை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு வட்டத்தில் பாதியைத் தீட்டினார். அவருக்கு அது ஒரு தகவல். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அண்ணன் என் பக்கம் சாய்ந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"அந்த நாலு மாதமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவருக்குத் தெரியாது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் உன் கதவைத் தட்டினேன். நீ திறக்கவில்லை" என்றார். பிறகு மருத்துவரிடம் திரும்பி, ஊசி எந்தக் கையில் என்று கேட்டார்.

பேரன் பொம்மைக் கார்களைச் சக்கரம் மேலே தெரியும்படி அடுக்குகிறான் என்று எழுதியிருந்தாயே, எத்தனை கார் ஆகிவிட்டது என்று அண்ணன் கேட்கச் சொல்கிறார். அடுத்த கடிதத்தில் அதை எழுது. முழங்காலுக்கு என்ன சொன்னார்கள் என்பதையும் எழுது. பக்கத்தின் அடியில் பொடியாக வேண்டாம், எனக்குக் கண்ணாடி மாற்ற நாளாகிவிட்டது.

உன் பழைய தோழி